முன்பக்கத்து இடது மூலை

1

பதினோரு வருடத்தில் முதல் முறையாக என் தங்கை அமுதா, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாள். நான் ஜெர்மனிக்கு வந்து சரியாகப் பதினோரு வருடம் நிறைந்த நாள் அது. அதற்காக என் மனைவி சுமதி கேசரி கிளறியிருந்தாள். கேசரியை மென்றுகொண்டே அமுதாவுக்கு மில்லிங் மெஷினை நேராக்குவது எப்படி என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். "வெக்கறேண்ணா" என்றுகூடச் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இப்போதே அமுதா பக்கம் சேர்ந்திருப்பீர்கள், தெரியும். முழுக்கப் படித்தால் மீதிப் பேரும் சேர்ந்துவிடுவீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். இது வெற்றியில் முடிகிற விஷயம். என்னுடைய வெற்றி என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் ரோட்டில் போகிறவர்கள் அவள் பட்டறையைப் பார்த்திருக்கலாம். நீல ஷட்டர், வாசலில் ஒரு டிராக்டர் சக்கரம் எப்போதும் சாய்ந்து நிற்கும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். ஒரு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின் இரண்டையும் வைத்துக்கொண்டு போர்வெல் மோட்டாரிலிருந்து கரும்பு டிரெய்லர் வரைக்கும் பாகம் செய்து கொடுக்கிறாள். பொம்பளை பட்டறையா என்று முகம் சுளித்தவர்களின் டிராக்டர் சக்கரம்தான் அந்த வாசலில் சாய்ந்து நிற்பது.

நான் வேலை செய்வது ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில், அளவு பார்க்கும் அறையில். வெளியே பனி பெய்தாலும் வெயில் அடித்தாலும் அந்த அறை இருபது டிகிரியிலேயே இருக்கும். சக்கரம் வரும், அளப்பேன், சரி அல்லது தப்பு என்று சொல்வேன். நாள் முழுக்கத் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் எப்படி இருப்பான் என்று சுமதியைத்தான் கேட்க வேண்டும்.

2

எங்கள் தெருக்கோடியில் இருந்த பெரியவர் வீட்டை விட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குக் குடிபோனார். அவர் கீழ்த்தளத்தில், இரும்பைச் செதுக்கித் துளை போடுகிற ஒரு சின்ன மில்லிங் மெஷின் இருந்தது. முந்நூறு கிலோ. பச்சை நிறம். கத்தி சுழலும் ஸ்பிண்டில் ஒரு தூணில் இருக்கும், அந்தத் தூண் கீழே இரும்பு அடிப்பலகையில் நான்கு போல்ட்டில் நிற்கும். கையால் தொட்டதுமே எனக்கு அமுதாவின் பட்டறை ஞாபகம் வந்தது. அவளிடம் இல்லாதது அது ஒன்றுதான். வாங்கிவிட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். பதினோரு வருடத்தில் நான் ஊருக்கு அனுப்பியது சாக்லேட், வாசனைத் திரவியம், ஒரு தடவை யாருக்கும் பொருந்தாத குளிர்கோட்டு. என்னால் ஊரில் ஒரு பொருள் நிற்க வேண்டும், அது ஓட வேண்டும், நாலு பேர் "அவன் அனுப்பிச்சது" என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை தொண்டை வரைக்கும் இருந்தது.

வாரக்கணக்கில் அந்த மெஷினோடு உட்கார்ந்தேன். மில்லிங் மெஷினில் ஒரே ஒரு உண்மைதான் இருக்கிறது. ஸ்பிண்டில், கீழே வேலைப் பொருளை வைக்கும் டேபிளுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். துளி சாய்ந்தாலும் போடுகிற துளையெல்லாம் சாயும். அதைப் பார்ப்பதற்கு ஸ்பிண்டிலில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனியில் கடிகாரம் மாதிரி ஊசி ஓடுகிற டயல் கேஜை மாட்டி, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கேஜ் டேபிள் மேல் ஒரு வட்டம் போடும். ஊசி அசையாமல் சுற்றி வந்தால் மெஷின் நேர். நம் பட்டறைகளில் இதை டயல் போடுவது என்பார்கள். கேஜில் ஒரு கோடு என்பது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டதில் ஒரு பங்கு. நான் டயல் போட்டபோது ஊசி ஒரு கோடுகூட நகரவில்லை. சுமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓடாத ஊசியக் காட்டவா அடுப்ப அணைக்கச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஏற்றுமதிக்கு ஒரு படிவம். இந்த இயந்திரத்தால் ஆயுதம் செய்யப்படுமா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். வேறு எதற்கு என்று அலுவலகத்தில் இருந்த அம்மாள் கேட்டார். கல்வராயன் மலையில் சாமைக்கு உமி நீக்கும் மெஷின் ஓடுகிறது, அதற்குப் பாகம் செய்ய என்று சொல்ல வேண்டும். சாமைக்கு ஜெர்மன் வார்த்தை எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் இருந்தும் தெரியவில்லை. அந்த மாதிரிச் சிறுதானியத்தை இங்கே நான் பார்த்ததெல்லாம் கிளிக்கூண்டு விற்கிற கடையில்தான். அதனால் "பறவைத் தீனி" என்று சொன்னேன். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "முந்நூறு கிலோ இரும்பு, பறவைத் தீனிக்காகவா?" ஆமாம் என்றேன். முத்திரை விழுந்தது. என் ஊர் மலையை முழுசாக ஒரு கிளிக்கூண்டாக்கிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மகள் கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "சாமைன்னா என்னப்பா?" என்றாள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூணைத் தனியாகவும் அடிப்பலகையைத் தனியாகவும் பெட்டியில் அடைத்து அனுப்பினேன். சென்னைத் துறைமுகத்தில், பழைய மெஷின் என்பதால் அது எத்தனை பழையது என்று ஒரு இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அதற்குச் சில வாரம். திருச்சி போகிற லாரி பெட்டிகளை உளுந்தூர்பேட்டையில் இறக்கிவிட்டுப் போனது. அங்கே ஒரு லாரி ஷெட்டில் மூன்று நாள் மழையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்துவிட்டு, விஜயதசமிக்கு முந்தைய நாள் அமுதாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தன.

3

விஜயதசமி காலை. எங்களுக்கு ஆறு மணி, அங்கே ஒன்பதரை. ஷிஃப்ட்டை மாற்றி வாங்கியிருந்தேன். அமுதா போனை லேத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். கயலைப் பாதித் தூக்கத்தில் எழுப்பி, எல்லாவற்றையும் பதிவு செய் என்று சொல்லியிருந்தேன். பதினைந்து வயதுப் பெண்ணை விடுமுறையில்லாத நாளில் ஆறு மணிக்கு எழுப்புவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை இந்த நாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் அறிவார்கள்.

அடிப்பலகை தரையில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. தூண், பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி போல்ட்டை முடுக்க வேண்டியதுதான் பாக்கி. தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் தயாராக இருந்தது.

"மெஷின நிறுத்திட்டு பொட்டு வெச்சிடறேண்ணா. தலையில ஒண்ணு, டேபிள்ல ஒண்ணு" என்றாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. தூண் உட்காரும் இடத்தில், அடிப்பலகையின் நான்கு மூலையிலும் வைத்துவிட்டு இறக்கு என்றேன்.

"உள்ளயா? உள்ள இன்னாத்துக்கு? வெளிய வெச்சா பத்தாதா?"

"வாசக்கால் நிறுத்தறப்போ அடியில வெக்கறோமா இல்லையா? இதுவும் ஒரு வூடு மாதிரிதான். வை."

ஊரில் இருப்பவர்கள் பூஜையைச் சுருக்கிக்கொண்டே வருகிறார்கள். ஊரை விட்டு வந்த நாங்கள்தான் நீட்டிக்கொண்டே போகிறோம். அமுதா ஒரு நொடி யோசித்தாள். அண்ணன் சொல்லிவிட்டான். மோதிர விரலால் தொட்டு மூன்று மூலையில் மெல்லிசாக வைத்தாள். நான்காவது, முன்பக்கத்து இடது மூலை. ஜன்னல் வெளிச்சம் பட்டு எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். இன்னும் கொஞ்சம் வைத்தாள். மறுபடியும் சொன்னேன். கட்டைவிரலில் சந்தனத்தை அள்ளி அப்பினாள். மஞ்சளும் சிவப்புமாக நன்றாகத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கியது.

தூண் இறங்கியது. இடம் காட்டும் இரண்டு ஆணிகளில் கச்சிதமாக நின்றது. போல்ட்டுகளை முடுக்கினாள். கற்பூரம் காட்டினாள்.

"டயல் போட்டுப் பாத்துடட்டா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இங்கயே பாத்து அனுப்பியாச்சு. ஆணி இருக்குது, அப்பிடியே உக்காரும். நீ வேலய ஆரம்பி" என்றேன். அளவறைக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

4

முதல் வேலை கரியாலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோவிந்தனுடையது. மலையில் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் சாமைக்கு உமி நீக்கிக் கொடுக்கும் மெஷின் அவருடையது ஒன்றுதான். அதில் ஒரு தண்டு சுழலும். அதன் இரண்டு முனையையும் பேரிங் வைத்த இரண்டு இரும்புக் கட்டைகள் தாங்கும். கட்டைகள் தேய்ந்துபோயிருந்தன. சேலத்துக்கு எடுத்துப் போகக் கிளம்பியவரை, நானே செய்து தருகிறேன் என்று நிறுத்தியவள் அமுதா. அவருடையது நன்றாக ஓடினால் மலையில் வேறு ஊர்களிலும் மெஷின் போடுவதாக இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கட்டை அமுதாவிடம்தான் என்று பேச்சு.

செய்து கொடுத்தாள். ஐந்தாம் நாள் கோவிந்தன் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வந்தார். நான் அப்போது போனில் இருந்தேன், எல்லாம் கேட்டது.

"அமுதாம்மா, கை வெச்சுப் பாருங்க. நேத்து ஓட்டினது. பேரிங் வெந்துபோச்சு. தண்டு ஒரு சுத்து சுத்தினா மறு சுத்து புடிச்சுக்குது."

கட்டைகளின் துளை சாய்ந்திருந்தது. ஒரே மாதிரி சாய்ந்த இரண்டு கட்டைகளை எதிரெதிரே வைத்தால் சாய்வு இரண்டு பங்காகிவிடும். தண்டு எப்படிச் சுற்றும்?

"வேற செஞ்சு தரேன் கோவிந்தண்ணா" என்றாள் அமுதா. அவள் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"உங்கள நம்பாம இல்லீங்க. ஆனா சாமை அறுத்துகினு இருக்கறாங்க. களத்துக்கு வந்துடுச்சின்னா எல்லாரும் எங்கிட்டதான் வருவாங்க. நான் மூட்டைய வாங்கி வெச்சுகினு இன்னா சொல்றது? திங்கக்கெழமை வரிக்கும் பாக்கறேன். அதுக்கு மேல தாங்காதும்மா, சேலத்துக்குத்தான் போவணும்."

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

அவர் போன பிறகு அமுதா டயல் போட்டாள். ஊசி பதினெட்டுக் கோடு ஓடியது. அளவறையில் இரண்டு கோடு ஓடினாலே நான் சக்கரத்தைத் திருப்பி அனுப்புகிறவன்.

5

அடுத்த இரண்டு நாள் நான் செய்த அட்டகாசத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முதலில் லாரிக்காரனைத் திட்டினேன். பிறகு உளுந்தூர்பேட்டை மழையைத் திட்டினேன். பிறகு தரை சரியில்லை என்றேன், போல்ட்டை முடுக்கிய வரிசை சரியில்லை என்றேன். என் மெஷின் சாய்ந்திருக்க முடியாது, கள்ளக்குறிச்சிதான் சாய்ந்திருக்க வேண்டும் என்பது போலப் பேசினேன்.

அமுதா ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். போல்ட்டைத் தளர்த்தி, நான் சொன்ன வரிசையில் முடுக்கினாள். தூணுக்கு அடியில் பின்பக்கம் மெல்லிய பித்தளைத் தகட்டைப் பேக்கிங் வைக்கச் சொன்னேன், வைத்தாள். சாயங்காலம் மூன்று கோடு என்று காட்டிய ஊசி காலையில் பன்னிரண்டு காட்டியது. தகட்டை மாற்றினால் வேறு பக்கம் ஓடியது. ஒரு இரவில் இரும்பு எப்படி மாறும்?

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் புதன்கிழமை. "இது முன்னும் பின்னும் சாயல. இடம் வலமாவும் சாயல. மூலைக்கு மூலை சாயுது. ஒரு மூலை தூக்கிகினு இருக்குது. தூணத் தூக்கி அடியில பாத்துடலாமே."

"தூக்காத. தூக்கினா எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

வியாழக்கிழமை காலையில் மறுபடி கேட்டாள். மறுபடி வேண்டாம் என்றேன். மத்தியானம் நான் ஷிஃப்ட் முடிந்து வந்து, கேசரித் தட்டோடு உட்கார்ந்து, மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "டயல் கேஜ ஒழுங்கா புடிக்கத் தெரியுதா உனக்கு?" என்று கேட்டேன்.

அவள் கேஜைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"வடக்கனந்தல் வூட்டுல அப்பா சைக்கிள்ல வீல் கோட்டம் எடுத்தமே, ஞாபகம் இருக்குதா? நீ கட்டில்ல உக்காந்துகினு இடது முடுக்கு வலது முடுக்குன்னு சொன்ன. நான் கம்பியத் தட்டித் தட்டி, சத்தத்தக் கேட்டு முடுக்கினேன். நீ சொன்னதுல ஒண்ணுகூட செய்யல. வீல் நேரா ஓடுச்சு. அப்பா உன் முதுகத் தட்டிக் குடுத்தாரு. நானும் சும்மா இருந்தேன். இப்பவும் சும்மா இருந்தா கோவிந்தண்ணா சேலத்துக்குப் போயிடுவாரு. உனக்கு மெஷின் நேரா ஆவணுமா, நீ சொன்னது நேரா ஆவணுமா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்து, போல்ட் முடுக்கும் வரிசை பற்றி ஏதோ சொன்னேன். அப்போதுதான் போனை வைத்தாள்.

6

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீடு வந்தேன். வேலையில் நான்கு நல்ல சக்கரங்களைத் தப்பு என்று எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருந்தேன். தவறு என் பக்கம் இல்லை என்று நிரூபிக்க ஒரு வழி தோன்றியது. தூணை இறக்கியதன் வீடியோ கயலிடம் இருக்கிறது. அமுதா எங்கே பிசகினாள் என்று அதில் பார்த்துவிடலாம்.

கயல் டிவியில் போட்டாள். அவள் அதை வெறுமனே வைத்திருக்கவில்லை. வெட்டி ஒட்டி, மேளச் சத்தம் சேர்த்து, தன் வகுப்பில் காட்டியிருக்கிறாள். எனக்கு அதுவே தெரியாது. "எங்க ஊர்ல மெஷினுக்கு எப்படி பர்த்டே கொண்டாடுவாங்கன்னு காட்டினேன்பா. எல்லாருக்கும் பிடிச்சது" என்றாள். எங்க ஊர் என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். ஆனால் சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. திரையில் அமுதாவின் கட்டைவிரல் வந்தது. கயல் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, மெதுவாக ஓடவிட்டிருந்தாள். டிவி முழுக்க ஒரு சந்தனப் பொட்டு. பின்னணியில் என் குரல்: "தெரியல அமுதா. இன்னும் கொஞ்சம் பெருசா வை. இன்னும்."

அதன் மேல் முந்நூறு கிலோ மெஷினின் தூண் இறங்கியது.

முன்பக்கத்து இடது மூலை. அந்தப் பொட்டு மழைக்காலத்து ஈரத்தில் ஊறும், வெயிலில் காயும், ஓட்டினால் நசுங்கும். இரும்பு மாறவில்லை. நான் வைக்கச் சொன்ன சந்தனம்தான் ஒரு இரவில் மாறிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஏன் இப்படி உக்காந்துட்டீங்க?" என்றாள் கயல்.

வெட்கமாக இருந்தது. காது வரைக்கும் சுட்டது. ஒரு நிமிடம், அமுதாவே கண்டுபிடிக்கட்டும், நான் சொல்ல வேண்டாம் என்றுகூட நினைத்தேன். நினைத்ததை ஒப்புக்கொள்கிறேன். பிறகு கோவிந்தனின் சாக்கு மூட்டை ஞாபகம் வந்தது. போனை எடுத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். படத்தில் அவளுக்குப் பின்னால் தூண் செயின் பிளாக்கில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்காமலே தூக்கிவிட்டாள்!

"தூக்கிட்டேண்ணா. திட்டறதுன்னா திட்டு."

"பொட்டு" என்றேன். "முன்பக்கத்து இடது மூலை. நான்தான் பெருசா வெக்கச் சொன்னேன். தப்பு என்னுதுதான் அமுதா."

அவள் கண் விரிந்தது. ஒரு கையை நீட்டினாள். உள்ளங்கையில் சின்ன அப்பளம் போல ஒரு மஞ்சள் துண்டு இருந்தது.

"மைக்ரோமீட்டர்ல புடிச்சிப் பாத்தேன். இருபது கோடு. உன் பக்தி கொஞ்சம் ஜாஸ்திதாண்ணா."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்து முடிக்க ரொம்ப நேரமானது. கயல் என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "அத்தை, அது நான் ஸ்லோ மோஷன் போட்ட பொட்டா?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்பருந்து சந்தேகம்?" என்று அமுதாவைக் கேட்டேன்.

"ரெண்டாம் நாள்ல இருந்தே. சாமி பேரச் சொல்லி வெக்கச் சொன்ன. அதுவும் கண்ணுல தண்ணியோட. அதான் மெஷினக் கெடுத்துதுன்னு எப்பிடி வாய் விட்டு சொல்லுவேன்? அதான் தூக்கிப் பாக்கலாம், தூக்கிப் பாக்கலாம்னு சொல்லிகினு இருந்தேன்."

7

நான்கு மூலையையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாள். எண்ணெய்க்கல் வைத்து லேசாகத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி துடைத்தாள். பேக்கிங் தகடுகளை எல்லாம் எடுத்துப் போட்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சுமதி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "போன் கட்டாயிடுச்சா?" என்று கேட்டாள்.

தூண் இறங்கியது. போல்ட்டுகளைத் தன் வரிசையில் முடுக்கினாள். அது நான் சொன்ன வரிசை இல்லை. கேஜைக் கட்டினாள், போனை ஊசிக்கு நேராகப் பிடித்தாள், இன்னொரு கையால் ஸ்பிண்டிலைச் சுற்றினாள். முன்பக்கம் பூஜ்யம். வலது பக்கம் பூஜ்யம். பின்பக்கம் போகும்போது போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனேன். ஊசி ஒரு நடுக்கம் நடுங்கி அங்கேயே நின்றது. இடது பக்கம் அரைக்கோடு. மறுபடி முன்பக்கம், பூஜ்யம்.

"காலையிலயும் இதே நின்னாதான் நம்புவேன்" என்றாள்.

காலையிலும் அதே நின்றது. சனிக்கிழமை புதிதாக இரண்டு கட்டைகளுக்குத் துளை போட்டாள். பேரிங்கை ஏற்றி, எதிரெதிரே வைத்து, ஒரு தண்டைச் செருகினாள். ஒற்றை விரலால் ஒரு தட்டு தட்டினாள். தண்டு சுற்றியது. சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை விட்டுப்போய், சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் சக்கரங்களைச் சரி என்று எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குக்கூடக் கை தட்டியதில்லை. அன்று தட்டினேன். கயலும் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தன் வந்து வாங்கிப்போனார். திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அமுதா கூப்பிட்டாள். கரியாலூரிலிருந்து கோவிந்தனும் அதே அழைப்பில் வந்தார். மெஷின் ஓடுகிற சத்தம் பலமாக இருந்தது. அவருக்குப் பின்னால் மூட்டைகளோடு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு பக்கம் உமி பறந்தது, இன்னொரு பக்கம் வெள்ளையாகச் சாமை அரிசி கொட்டியது.

"காத்தால ஆறு மணிக்குப் போட்டதுங்க, இன்னும் நிறுத்தல" என்று கத்தினார். பேரிங் கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே பேசினார். "பாத்தீங்களா? சுடவே இல்ல. சேலத்துல செஞ்சாகூட இப்பிடி வந்திருக்காது. அமுதாம்மா, இன்னும் ரெண்டு ஊர்ல மெஷின் போடறாங்க. அதுக்கும் நீங்கதான். சொல்லிட்டேன்."

அமுதா தலையை மட்டும் ஆட்டினாள். பேசினால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே நிலைதான்.

கயல் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு பின்னால் நின்று பார்த்தாள். "அதுதான் சாமையாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "பறவைத் தீனி இல்லையே, சோறு மாதிரி இருக்கே. எனக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றாள். அமுதா அதைக் கேட்டுவிட்டாள். கோவிந்தன் ஒரு படி எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அமுதாவின் பட்டறையில் எல்லாம் தயாராக இருந்தது. அன்றைக்குத்தான் மெஷினுக்கு உண்மையான பூஜை என்றாள். சந்தனத்தைக் குழைத்து, வெளியே, தலைப்பக்கத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். குங்குமம் வைத்தாள். போதுமா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு போன் பக்கம் வந்தாள். அவள் விரல் பெரிதாகி என் திரையை மறைத்தது, விலகியது.

"இன்னா பண்ற?"

"உன் நெத்தியில பொட்டு வெச்சேன். போன் மேல. இதால எந்த மெஷினும் சாயாது." அவள் ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தாள். "அசையாதண்ணா. நீ நகந்தா பொட்டு மூக்குக்குப் போவுது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் இடது பக்கம் வா. ஜாஸ்தி ஆயிடுச்சு, கொஞ்சம் திரும்பு. தல சாயுது பாரு, நேரா வெச்சுக்கோ. ம். அப்பிடியே இரு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சுமதி வாசலிலிருந்து கூப்பிட்டாள். நான் அசையவில்லை.